வயலுக்குக் காய்ச்சல்

நெல் வயலில் தண்ணீரைக் கட்டிவைத்தால் பூமி சூடாகிறதாம். சேற்றுக்குள் காற்றே போகாமல் கிடப்பதெல்லாம் அழுகி, மீத்தேன் என்ற வாயுவாகி மேலே போகிறதாம். டி.வி.யில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த வாயு எங்கள் வயலிலிருந்து வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் நெருப்பு வைத்து நாலு பேர் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். அது எழுபதுகளின் கடைசியில் நடந்தது.

நாங்கள் விவசாயக் குடும்பம் இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். என் வீட்டுக்காரர் ஏரியில் இறால் வலை போடுபவர். நான் கூடை சுமந்து ஊர் ஊராக மீன் விற்பவள். எட்டாவது வரை படித்திருந்தேன். அதனால் எனக்கு வாய் நீளம் என்று குப்பத்தில் பேர். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடத்தில் எந்த நாள் யார் போடுவது என்று ஊர் முறை வைத்திருக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவன் வீட்டில் உலை கொதிக்கும். பாடு இல்லாதவன் இன்னொருவன் படகில் கூலிக்கு நின்று, அவனுடைய இறாலை அவனுடைய கூடையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு கரையேற வேண்டும்.

ஒரு ஐப்பசி அடைமழையில் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் வாயில் வந்த ஒரே வார்த்தை, அப்பாவைக் கூப்பிடுகிற நைனா. பசித்தாலும் நைனா, நாயைப் பார்த்தாலும் நைனா. காய்ச்சலோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

புதைத்துவிட்டு வந்து பார்த்தால், என் வீட்டுக்காரரின் பாடு நாளில் அவருடைய அண்ணன் வலை போட்டு இறாலை வாரியிருந்தார். "சும்மா கெடக்குற எடம்தானே, வீணாப் போவுதேன்னு போட்டேன்" என்றார் அண்ணன். என் வீட்டுக்காரர் துடுப்பை எடுத்து அடித்ததில் அண்ணனுக்குக் கை உடைந்தது. ஊர் கூடியது. உடைந்த கை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. செத்த பிள்ளை மண்ணுக்குள் இருந்ததால் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பாடு முறையை அண்ணனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். "வேணும்னா அண்ணன் படகுலயே கூலிக்குப் போ" என்று தீர்ப்புச் சொன்னார்கள். சொல்லும்போதே சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"செத்தாலும் அவன் படகுல கால் வெக்க மாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அதையேதான் நினைத்தேன். அந்த வீட்டு வாசலில் அவர் கூலிக்கு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பழவேற்காட்டு ஊருக்குள் நான் மீன் கொடுக்கும் வீடுகளில் ஒரு பாய் வீடும் உண்டு. பழைய வியாபாரக் குடும்பம். அவர்களுக்கு அனுப்பம்பட்டுப் பக்கம் ஒரு பள்ளத்து வயல் இருந்தது. பக்கத்திலேயே போர் போட்டு பம்ப்செட்டும் வைத்திருந்தார்கள். நான் போய் அழுதேன். பாய் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்து வயக்காரரு அந்த எடத்த ரொம்ப நாளா கேக்குறாரு தங்கச்சி. நீ அழுவுறியேன்னு ஒனக்குத் தரேன். இந்த நவரையில நெல்லு கண்டா வயலு ஒங்களுக்கு. இல்லேன்னா அவருக்குத்தான்."

நவரை என்பது தை மாதத்தில் நட்டு, கோடையில் பம்ப்செட்டுத் தண்ணீரிலேயே விளைகிற பட்டம். குப்பத்தைக் காலி பண்ணிக்கொண்டு வந்து பம்ப்செட்டுக் கொட்டகையை ஒட்டிக் குடிசை போட்டோம். உழவுக்கும் நடவுக்கும் ஊர் ஆட்கள் வந்து செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வயலில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

நட்ட வயலில் என் வீட்டுக்காரர் முதல் முறை இறங்கி நடந்தபோது, கால் அழுந்திய இடத்திலெல்லாம் பொலபொலவென்று குமிழி வந்தது. அவர் முகம் மலர்ந்ததை அந்த ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாருமே, சேத்துக்கு உசுரு கீது. மூச்சு வுடுது!"

இது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கால் விரலால் சேற்றை அழுத்திப் பார்ப்போம். குமிழி வந்தால் அடியில் நண்டோ இறாலோ விலாங்கோ இருக்கிறது. அந்தக் குமிழிக்கு நாங்கள் வைத்த பெயர் மூச்சு. மூச்சு இல்லாத சேற்றில் வலையை இறக்க மாட்டோம். அதே கண்ணோடுதான் அவர் வயலையும் பார்த்தார். மூச்சு வந்தால் வயல் நன்றாக இருக்கிறது, இன்னும் மூச்சு வந்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான் அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதனால் மூச்சுக்குத் தீனி போட்டோம். அப்போது பழவேற்காட்டில் இறாலை உரித்து ஐஸ் வைத்து அனுப்பும் கொட்டகைகள் வந்திருந்தன. உரித்த தலையும் தோலும் குப்பையாகக் குவிந்து கிடக்கும். அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸின் மேல் ஏற்றிக் கொண்டுவந்தோம். கண்டக்டர் எங்கள் வம்சத்தையே திட்டுவார். ஏரிப் பாசியை அலசிக் கொண்டுவந்து போட்டோம். மிஞ்சிய மீன் குடலையும் போட்டோம். எல்லாவற்றையும் தண்ணீருக்குள் மிதித்து அமுக்கினார் என் வீட்டுக்காரர். கரண்ட் வந்த நேரமெல்லாம் பம்ப்செட் ஓடியது. தண்ணீர் ஒரு விரல் குறைந்தால்கூட அவருக்கு முகம் மாறிவிடும். வயலில் கால் வைத்தால் உலை கொதிப்பது மாதிரி குமிழி வந்தது.

ஒரு சாயங்காலம் பக்கத்து வயல்காரர் தன் ஆட்கள் மூன்று பேரோடு எங்கள் வரப்பில் வந்து நின்றார். வாட்டசாட்டமான ஆள், எந்நேரமும் வெற்றிலை மெல்லுவார். கண்ணில் ஓட்டை போட்ட ஒரு கொட்டாங்கச்சியைத் தண்ணீரில் கவிழ்த்து, ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டார். அதற்குக் கீழே சேற்றை ஒருவன் கழியால் கிளறினான். குமிழியெல்லாம் கொட்டாங்கச்சிக்குள் சேர்ந்தது. இன்னொருவன் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு காத்திருந்தான். வயல்காரர் விரலை எடுத்ததும் ஓட்டையில் நீலமாகக் குப்பென்று பற்றியது.

"பாத்தீங்களாடா, மீன்காரன் வயல்ல கேஸ் அடுப்பு எரியுது! இன்னும் அரிசிதான் பாக்கி."

மூன்று ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர்கள் தன் சேற்றின் தெம்பைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "இன்னொரு தபா கொளுத்து நைனா, இவளும் பாக்கட்டும்" என்று என்னை வேறு கூப்பிட்டார். எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தைவிட அவர் மேல் வந்த ஆத்திரம் பெரிது. சிரிக்கிறவனுக்கும் சிரிக்கப்படுகிறவனுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனோடு ஏரியை விட்டு வந்துவிட்டோமே என்று இருந்தது.

கொஞ்ச நாளில் பயிர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. சுற்றியுள்ள வயலெல்லாம் தூர் கட்டிப் பெருத்தது. எங்களுடையது நட்ட அன்றைக்கு எத்தனை பயிராக இருந்ததோ அத்தனையோடு இருந்தது. அப்போதுதான் டீக்கடையில் அந்தச் சண்டை நடந்தது. என் வீட்டுக்காரர் கிழிந்த சட்டையோடு, உதடு வீங்கி வந்து நின்றார்.

"என் வயலுக்குக் காய்ச்சல் வரணும்ன்றான்மே."

பக்கத்து வயல்காரர் டீயை ஆற்றிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம்: "உன் வயலுக்கு நல்லா ஒரு காய்ச்சல் வரணும் நைனா. அது வந்தாதான் நீ தேறுவ." கடையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். நாங்கள் எதனால் ஏரியை விட்டு வந்தோம் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மீன் விற்கப் போன வீடுகளில் நானே சொல்லி அழுதிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். கடையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து இவரை மொத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் அந்த ஆளின் குடும்பத்துக்கே மண்ணை வாரித் தூற்றினேன். எங்கள் குப்பத்தில் காய்ச்சல் என்றால் ஒன்றுதான். அது வந்து எங்கள் வீட்டில் ஒரு உயிரை எடுத்துக்கொண்டு போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து போய், வயலிலிருந்து தண்ணீர் வடியும் மடையைப் புல்லும் மண்ணுமாகப் போட்டு அடைத்தார். அதன் மேல் மணல் மூட்டை வைத்தார். அதற்கும் மேல் ஒரு பனைத்துண்டை உருட்டி வைத்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்துகொண்டார். சோறும் அங்கேதான்.

அதற்குப் பிறகு வயல் அழிந்ததை நாங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். இலை நுனியிலிருந்து துரு ஏறியது. வரப்பில் நடந்தால் கூமுட்டை உடைந்த நாற்றம். நான் ஒரு பயிரைப் பிடுங்கினேன், இழுக்காமலே வந்துவிட்டது. வேர் முழுக்கக் கறுத்து, கசக்கினால் விரலில் மையாக ஒட்டியது. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "தண்ணி பத்தலமே" என்று சொல்லிவிட்டு பம்ப்செட்டைப் போடப் போனார்.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பக்கத்து வயல்காரர் வீட்டுக்கே போனேன். அந்த வீட்டம்மா என்னிடம் வாடிக்கையாக இறால் வாங்குகிறவள். எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. "ஏ மீனு, இறக்கு" என்று சொல்லி முறத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, எங்க வயலுக்குக் காய்ச்சல் வரணும்னு உங்க வூட்டுக்காரரு இன்னாத்துக்குச் சொன்னாரு? நாங்க அவருக்கு இன்னா பண்ணோம்?"

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அடியே, காய்ச்சல்னா ஜொரம்னா நெனச்சுக்கினீங்க? தண்ணிய வடிச்சுட்டு வயலக் காய வுடறதுடி. மண்ணு லேசா வெடிக்கணும். அப்பதான் வேருக்குக் காத்து போவும். அப்புறம் திரும்பத் தண்ணி பாய்ச்சறது. காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்லுவோம். எங்கூட்டு மாட்டுக்குக்கூடத் தெரியும்."

"அது எங்களுக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? அதான் அப்டிச் சொன்னாரு. உன் வூட்டுக்காரன் சண்டைக்கு வந்தத வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"வெவரமா சொல்லிருக்கலாமேக்கா."

"சொல்லிருந்தா வயலு எங்க கைக்கு எப்டி வரும்?" ஒரு இறாலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இப்ப சொன்னதால இன்னா? உங்க பயிருதான் போயிடுச்சே. இன்னாடி இன்னிக்கி பொடிசாக் கொண்டாந்துகீற, பெருசு இல்லியா?"

முறத்திலிருந்த இறாலை அப்படியே திரும்பக் கூடையில் கொட்டிக்கொண்டு எழுந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வீட்டுக் கூரை பற்றி எரிவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

வயலுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தேன். என் வீட்டுக்காரர் பனைத்துண்டில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். காய்ச்சல் என்றால் ஜுரம் இல்லை, காயப் போடுவது என்று சொன்னேன்.

"அந்த வார்த்தைய இங்க சொல்லாத."

"எந்திரி. தண்ணிய வடிக்கணும்."

"வடிக்காதமே. தண்ணிக்கு ஏங்கிப்புடும். வாய் இருந்தா கேக்கும்மே அது."

பனைத்துண்டை நான் காலால் உருட்டினேன். மணல் மூட்டையை இழுத்துப் போட்டேன். மண்வெட்டியை ஓங்கியபோது அவர் பிடியைப் பிடித்துக்கொண்டார். முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"அதுக்கும் இப்டித்தான் தண்ணி குடுக்காம வெச்ச நீ."

அதைச் சொல்லவே அத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. எங்கள் பக்கம் அப்போது ஒரு வழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சலும் பேதியும் வந்தால் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அப்படியே கீழே போய்விடும் என்பார்கள். துணியை நனைத்து உதட்டைத் துடைப்பதோடு சரி. என் மகள் தண்ணீர்ச் சொம்பைக் காட்டி நைனா நைனா என்று கத்தினாள். தாங்க முடியாமல், கொடுத்துவிடலாம் என்று நான் சொம்பை எடுத்துவிட்டேன். அதைப் பிடுங்கி வெளியே வீசியவர் இந்த மனுஷன்தான். அப்படிக் கொடுக்காமல் விட்டதுதான் பிள்ளையைக் கொன்றிருக்கும் என்று பிறகு யாரோ ஒரு நர்ஸ் சொன்னதும், அந்தப் பழி என் தலையில் இறங்கிவிட்டது.

"சொம்பப் புடுங்குனது யாரு?" என்றேன். "அவ நைனான்னு கூப்டப்போ சொம்பப் புடுங்கி வாசல்ல அடிச்சது யாரு? சொல்லு."

அவர் கை பிடியிலிருந்து விட்டுப்போனது. வரப்பிலேயே உட்கார்ந்தார். நான் மடையை வெட்டினேன். தண்ணீர் கறுப்பாக, நாற்றத்தோடு, இறால் தோலையும் பாசியையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அது ஓடி முடிகிறவரை அவர் தலையைத் தூக்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள் எங்கள் வாழ்க்கையிலேயே கேவலமான நாட்கள். சேறு இறுகியது. குமிழி நின்றது. மண் மயிரிழையாக வெடிக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் நான் கூடை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், அவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, வெடிப்பு வெடிப்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். நான் குடத்தை எட்டி உதைத்தேன். மண்குடம், உடைந்துபோனது. அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உடைந்த ஓடுகளைப் பொறுக்கி வரப்போரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுபடி தண்ணீர் விட்டபோது ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். இந்த முறை பலமாக இழுக்க வேண்டியிருந்தது. கறுத்த வேருக்கு மேலே வெள்ளையாகப் புதுவேர் விட்டிருந்தது. துரு ஏறிய இலைக்கு நடுவிலிருந்து பச்சை வந்தது. கொஞ்சம் யூரியா வீசினேன். காயப் போட்டேன், பாய்ச்சினேன், திரும்பக் காயப் போட்டேன். பக்கத்து வயல்காரர் ஒருநாள் வந்து வரப்பில் நின்று பார்த்தார். நான் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து அவர் காலடியில் போட்டேன். "கொளுத்திப் பாரு நைனா" என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

டி.வி.யில் அந்தப் பெண்ணும் இதைத்தான் சொன்னாள். நடுநடுவே வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறையுமாம். ஆனால் காய்ந்த மண்ணில் யூரியாவை அள்ளிக் கொட்டித் தண்ணீர் விட்டால் வேறொரு வாயு கிளம்புமாம். நைட்ரஸ் ஆக்சைடாம். அளவு கொஞ்சம்தான் என்றாலும் அதைவிடப் பொல்லாததாம். எண்பதுகள் முழுக்க நானும் ஊரோடு சேர்ந்து அள்ளித்தான் கொட்டினேன். இறால் தலைக்கு மூச்சு வந்தது, யூரியாவுக்கு என்ன வந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிக் கவலைப்பட எங்களுக்கு நேரமில்லை.

அந்த நவரையில் நெல் கண்டது. பக்கத்து வயலோடு ஒப்பிட்டால் கம்மிதான். ஆனாலும் பாய் வந்து பார்த்துவிட்டு, "வயலு உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். எதற்காக அத்தனை அவமானத்தையும் தின்றோமோ அது கைக்கு வந்துவிட்டது. அவர் அண்ணன் படகில் கூலிக்கு நிற்க வேண்டியதில்லை. அறுப்புக்கு முந்தின நாள் நான் அவரை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தோஷப்படுவார் என்றுதான் கூட்டிப்போனேன். ஒரு கதிரைக் கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணியில்லாம அப்டி வெடிச்சுக் கெடந்துச்சே" என்றார். "இது மட்டும் எப்டிமே பொழைச்சுது?"

எனக்குள் மாதக்கணக்கில் கிடந்து அழுகியதெல்லாம் அப்போது வெளியே வந்தது.

"இது ஒன்ன நைனான்னு கூப்டல. அதான் பொழைச்சுது."

அவர் கதிரை உடைக்காமல் மெதுவாக விட்டார். அறுப்புக்கு ஆட்கள் வந்த காலையில் குடிசையில் அவர் துணிமணி இல்லை. மத்தியானம் மீன் கொண்டுவந்த குப்பத்துப் பெண் ஒருத்தி சொன்னாள், அவர் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று கூலிக்குக் கேட்டாராம். உடைந்து கூடிய கையை நீட்டி, வலையைத் தூக்கு என்று சொன்னாராம் அண்ணன்.

நான் சொன்னதை இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் சொன்னதை அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. வயலை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு பட்டத்துக்கும் தூர் கட்டுகிற நேரத்தில் மடையை வெட்டிக் காயப் போட்டேன். அவர் பங்கு அரிசியை அறுப்புக்கு அறுப்பு அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் அதைத்தான் பொங்கித் தின்கிறார் என்று கேள்விப்பட்டேன்.